காய்ச்சற்கிருமிகளின் இரண்டாவது மரபுப்பொருள்

(நடுவட்டத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சுவடிவம்)



மனிதரையும் கால்நடைகளையும் பற்றி வாழும் ஓரணு உயிர்களின் மைட்டோகாண்டிரியாவுக்குள் இருக்கின்ற டி.என்.ஏ. எவ்விதம் அமைந்துள்ளது, எவ்விதம் தன்னைத்தானே இரட்டித்துக்கொள்கிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். பல்கலைக்கழக மண்டபங்களுக்கே உரியதென்று எண்ணத்தக்க இதனை ஒரு மலையூரில், தோட்டத்தில் உழைப்பவர்களும் பள்ளியில் பயில்பவர்களும் பெரும்பான்மையராக அமர்ந்திருக்கும் அவையில் பேசத் துணிந்ததற்குக் காரணம், நடுவட்டத்துக்கும் காய்ச்சற்கிருமிகளுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் பகையே ஆகும்.

உதகமண்டலத்திலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூருக்கு இறங்கும் சாலையில், மலை மேற்கே சரிந்து வயநாட்டுத் தாழ்நிலத்தை நோக்குகின்ற இவ்விடத்தை, காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரத்தைப் பயிரிட ஏற்ற இடமென்று 1860களில் தேர்ந்தெடுத்தார்கள். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து சின்கோனாவைக் கொணரும் பணியைக் கிளெமென்ட்ஸ் மார்க்கம் முன்னின்று நடத்தினார். ஈக்குவடோர் நாட்டுக் காடுகளில் ரிச்சர்டு ஸ்புரூஸ் திரட்டிய செம்பட்டைச் சின்கோனாவின் விதைகளும் கன்றுகளும் 1861-இல் உதகையை வந்தடைந்தன. அவற்றை வளர்த்துப் பெருக்கும் பொறுப்பு, அரசினர் பூங்காக்களின் கண்காணிப்பாளராயிருந்த வில்லியம் கிரஹாம் மக்ஐவர் கைக்கு வந்தது. மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சென்னை மாகாணச் சிறைகளில் அடைபட்டிருந்த சீனக் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே சிறை அமைத்து வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நிற்பதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள்.

மக்ஐவர் கையாண்ட ஒரு முறையைச் சற்று நின்று நோக்க விரும்புகிறேன். பட்டைக்காக மரத்தையே வெட்டி வீழ்த்துவது ஆண்டிஸ் மலைவாசிகளின் பழைய வழக்கம். அவரோ மரத்தை நிற்கவிட்டு, தண்டின் பட்டையை மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக, ஒரு கீற்றை விட்டு மறுகீற்றை உரித்தெடுத்து, உரித்த இடத்தில் ஈரப்பாசியை அப்பிக் கட்டிவைத்தார். பாசியின் மறைவில், வெயிலும் காற்றும் படாமல், புதிய பட்டை வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்த பட்டையைச் சோதித்தபோது, முதற்பட்டையில் இருந்ததைக் காட்டிலும் அதில் மருந்துச்சத்து மிகுந்திருக்கக் கண்டார்கள். மருந்தை நுணுகி ஆராய்வதற்கென்றே 1866-இல் ஜான் பிராட்டன் என்னும் வேதியியலறிஞரை அரசாங்கம் நீலகிரியில் நியமித்தது. பின்னர் இவ்வூரிலேயே கொய்னாத் தொழிற்சாலையும் எழுந்தது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: மக்ஐவரும் பிராட்டனும் பட்டையைப் பற்றி இவ்வளவு அறிந்திருந்த அக்காலத்தில், அப்பட்டை எதனைக் கொல்கிறது என்பதை உலகில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவெரான் ஒரு நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமியை முதன்முதலாகக் கண்டது 1880-இல்தான்.

அக்கிருமி எவ்வழியாக மனிதனை அடைகிறது என்ற வினாவுக்கும் இம்மலையோடு தொடர்புண்டு. 1897-ஆம் ஆண்டின் கோடையில் ரொனால்டு ராஸ் உதகைக்கு வந்து, சிகூர்க் கணவாய்ச் சரிவில் காய்ச்சல் மிகுந்த இடங்களை ஆராயச் சென்று, கொசுவலைக்குள் உறங்கியும் தாமே காய்ச்சலுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில், புள்ளிச் சிறகுடைய கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்ந்திருப்பதைக் கண்டார். மலையுச்சியில் நலமாயிருந்தவர் சரிவில் இறங்கியதும் நோயுற்றதற்குக் காரணம் எளிது: கொசுவின் உடலுக்குள் கிருமி முதிர்ச்சியடையக் குறிப்பிட்ட அளவு வெப்பம் வேண்டும், சுமார் 16 முதல் 18 பாகைக்குக் கீழே அவ்வளர்ச்சி நின்றுவிடுகிறது. மருந்துமரம் குளிரில் வளர்ந்தது. நோயோ கீழே வெப்பத்தில் வளர்ந்தது.

இனிக் கிருமியின் உள்ளே புகுவோம். நம் உடலின் உயிரணுக்களில் உட்கருவுக்கு வெளியே, உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் தொழிலைச் செய்யும் மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்புகள் உள்ளன. அனாதிகாலத்தில் ஏதோ ஓர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல்களே இவை என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. அந்தப் பூர்விகத்தின் அடையாளமாகத் தமக்கென்று சிறிது டி.என்.ஏ.வை அவை இன்னும் வைத்திருக்கின்றன. உட்கருவில் இருப்பது முதலாவது மரபுப்பொருள் என்றால், இது இரண்டாவது. மனிதனுடைய மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. 16,569 கார இணைகள் (டி.என்.ஏ. வாசகத்தின் எழுத்துக்கள்) கொண்ட ஒரு வளையம். அதில் 37 மரபணுக்கள்: 13 புரதங்களுக்கு உரியவை, 22 கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கு உரியவை, மற்ற இரண்டும் புரதம் செய்யும் ரைபோசோமுக்கு உரியவை. இந்த முழு வரிசையையும் 1981-இல் கேம்பிரிட்ஜில் படித்து முடித்தார்கள்.

குருதியில் வாழும் மலேரியாக் கிருமியில் ஒரே ஒரு மைட்டோகாண்டிரியன்தான் உண்டு. அதன் டி.என்.ஏ.வை இனங்காண்பதில் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் வழிதவறி நின்றார்கள். பறவைகளைத் தாக்கும் ஒரு மலேரியாக் கிருமியில் 1970களில் வளைய வடிவான டி.என்.ஏ. கண்டெடுக்கப்பட்டபோது, வளையமாக இருப்பதால் அதுவே மைட்டோகாண்டிரியாவுக்கு உரியது என்று கருதினார்கள். மனித மலேரியாவில் 35,000 கார இணைகள் கொண்ட அதே வகை வளையம் கிடைத்தது. அதை வரிசைப்படுத்தப் புகுந்தபோதோ, தாவரங்களின் பசுங்கணிகத்துக்கு உரிய மரபணுக்களின் சாயல் தென்பட்டது. பச்சைநிறம் இழந்து, ஒளியை உண்ணும் தொழிலையும் இழந்துவிட்ட ஒரு பழைய கணிகத்தின் எச்சம் அது என்பது 1990களின் நடுவில் தெளிவாயிற்று.

உண்மையான மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. வேறொரு வழியில், அதைத் தேடாதவர்களுக்குக் கிடைத்தது. பிலடெல்பியாவில் ஹானிமன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி அகில் வைத்யாவும், அவருடன் பணிபுரிந்த அரசு என்ற ஆய்வாளரும், எலியைத் தாக்கும் மலேரியாக் கிருமியில் ஒரே துண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப அமைந்திருக்கும் டி.என்.ஏ. ஒன்றை 1987-இல் அறிவித்தார்கள். ஏறக்குறைய 6,000 கார இணைகள் கொண்ட அத்துண்டின் உட்பொருளைப் படித்துப் பார்த்தபோது, மைட்டோகாண்டிரியாவுக்கே உரிய புரத மரபணுக்கள் அதில் இருப்பதை 1989-இல் வெளியிட்டார்கள். மனிதனுடையதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே மிகுந்த இந்தச் சிறு துண்டுதான், அறியப்பட்ட மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.க்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று.

அதில் புரதங்களுக்கு உரியவை மூன்றே மரபணுக்கள்: சைட்டோகுரோம் பி, சைட்டோகுரோம் ஆக்சிடேசின் முதல் அலகு, அதன் மூன்றாம் அலகு. மற்றவை உட்கருவுக்குப் பெயர்ந்தோ அடியோடு தொலைந்தோ போயின. கடத்து ஆர்.என்.ஏ. ஒன்றுகூட இல்லை, வேண்டியதை எல்லாம் வெளியிலிருந்தே அழைத்துக்கொள்கிறது. இவற்றினும் வியப்பு, ரைபோசோமுக்குரிய ஆர்.என்.ஏ.யின் நிலை. பிற உயிர்களில் நீண்ட இரண்டு இழைகளாக இருப்பது, இங்கே இருபத்தேழு சிறு துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. துணுக்குகள் உரிய வரிசையிலும் இல்லை. சில ஓர் இழையிலும் சில எதிரிழையிலுமாக, புரத மரபணுக்களின் இடைவெளிகளில் செருகுண்டு கிடக்கின்றன. மிகச் சிறியதன் நீளம் இருபத்துமூன்று எழுத்துக்களே. ஜீன் ஃபீகின் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் ஆண்டுக்கணக்காக உழைத்து ஒவ்வொன்றாக இவற்றை இனங்கண்டு, 2012-இல் முழுப் பட்டியலை வெளியிட்டார்கள். இத்தனை துணுக்குகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமலே ஒன்றுகூடி, புரதம் செய்யும் ஒரு ரைபோசோமாக நிற்கின்றன என்பதை எண்ணும்போது, இயற்கை எவ்வளவு சிதைவையும் தாங்கிக்கொண்டு தொழிலை நடத்தவல்லது என்று நான் மலைத்துப்போகிறேன்.

இரட்டிப்பு முறையும் நம்முடையதினின்று வேறு. மனித மைட்டோகாண்டிரியாவில் வளையத்தின் குறித்த ஓரிடத்தில் படியெடுப்புத் தொடங்கி, வளையத்தைச் சுற்றிவந்து, முடிவில் இரண்டு வளையங்களைத் தருகிறது. மலேரியாக் கிருமியிலோ 6,000 இணைகள் கொண்ட அலகு பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. தலையும் வாலுமாக ஒட்டிய பல அலகுகள், பலவேறு நீளங்களில், நேர்கோட்டு இழைகளாக இருக்கின்றன. தனி வளையங்கள் மிகச் சிலவே. 1996-இல் பீட்டர் பிரைசர், இயன் வில்சன் முதலியோர், இரட்டிப்பின் இடைநிலையிலுள்ள மூலக்கூறுகளை இருதிசை மின்புலப் பிரிப்பு என்னும் முறையால் வடிவம்வடிவமாகப் பிரித்தும், மின்னணு நுண்ணோக்கியால் கண்டும் கூறிய விளக்கம் இது: ஓரிழையின் முனை, அதனை ஒத்த மற்றோர் இழைக்குள் புகுந்து பிணைந்துகொண்டு, அவ்விடத்திலிருந்தே படியெடுப்பைத் தொடங்குகிறது, சிறு வளையங்கள் சுழன்றவாறே நீண்ட படியை வெளித்தள்ளுவதும் உடன் நிகழ்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்னும் வைரஸ் கையாளும் முறைக்கு இது நெருங்கியது. மனிதனுடைய முறைக்கு வெகு தொலைவு. இழைகள் ஓயாமல் ஒன்றோடொன்று கலந்து தம்மைத் திருத்திக்கொள்வதனால், அலகுகள் எல்லாம் ஒரே வாசகத்தை உடையனவாக நிலைபெறுகின்றன. கொடிய மலேரியாவுக்குக் காரணமான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தில் ஓர் உயிரணுவுக்குச் சுமார் இருபது படிகளே இருந்தும் வாசகம் பிழைபடாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணமென்று கொள்ளலாம்.

இந்த மரபுப்பொருள் தாய்வழியாகவே வருகிறது. கொசு உறிஞ்சிய குருதியில், சுமார் பதினைந்து நிமிஷங்களுக்குள், ஆண் கிருமி தன் உட்கரு டி.என்.ஏ.வை மும்முறை இரட்டித்து எட்டு மெல்லிய இழைபோன்ற பால்அணுக்களைச் சிதறவிடுகிறது. அவ்வளவு அவசரத்தில் புறப்படும் அவ்வணுக்கள் மைட்டோகாண்டிரியாவை உடன் கொண்டுசெல்வதில்லை. பெண் அணு மட்டுமே அதை வைத்திருக்கிறது. மனித இனத்திலும் இதுவே விதி. இச்செய்தியை நடுவட்டத்தில் சொல்லும்போது ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தண்டனைக் காலம் கழிந்த சீனக் கைதிகளிற் சிலர் இவ்வூருக்கும் கூடலூருக்கும் இடையே குடியமர்ந்து, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும் சிறிதளவு காப்பி வளர்த்தும் மாடு வைத்தும் நேர்மையாகப் பிழைத்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். அவர் அக்குழந்தைகளின் தலையையும் மூக்கையும் அளந்து, தந்தையின் சாயலைத் தேடினார். அதே குழந்தைகளின் ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியாக்கள் முழுக்க முழுக்கத் தமிழ்த் தாய்மாரிடமிருந்தே வந்தவை என்பதை அறியும் வழி அக்காலத்தில் இல்லை. அளவுகோலால் அதை அறியவும் முடியாது.

இனி வேறொரு கிருமியிடம் செல்லுகிறேன். மலேரியாக் கிருமி தன் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வைச் சுருக்கியது, இக்கிருமியோ அதனைப் பெருக்கிப் பின்னிச் சிக்கலாக்கி வைத்திருக்கிறது. இதன் கதை நம் சென்னையிலேயே தொடங்குகிறது.

1903-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் மருத்துவக் கல்லூரியில் உடலியற் பேராசிரியராகவும் இருந்த சார்லஸ் டோனவன், நீண்ட காய்ச்சலாலும் பெருத்த மண்ணீரலாலும் இறந்த ஒருவரின் மண்ணீரற் பூச்சில் சிறு முட்டைவடிவ உருவங்களைக் கண்டார். இறந்தபின் உடல் அழியும்போது உண்டாகும் சிதைவோ என்ற ஐயத்தைப் போக்க, ஜூலை 17-ஆம் நாள் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த குருதியிலும் அவற்றையே கண்டார். டம்டம் பாசறையிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயின் உடலில் வில்லியம் லீஷ்மன் முன்பே கண்டு அவ்வாண்டு மே மாதத்தில் வெளியிட்டதும் இவ்வுருவத்தையே. நவம்பரில் ராஸ் இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவனி என்று இதற்குப் பெயரிட்டார். வடநாட்டார் காலா-அசார் என்றழைக்கும் கொடுநோய்க்குக் காரணம் இதுவே. டோனவன் பின்னாளில் இராயப்பேட்டை மருத்துவமனையின் முதற் கண்காணிப்பாளராகவும் விளங்கினார்.

ரோமனோவ்ஸ்கி சாயமேற்றிய அந்த உருவம் ஒவ்வொன்றிலும் சிவந்த பொருள் இரண்டு இடங்களில் இருந்தது: ஒன்று பெரிய உருண்டை, அதாவது உட்கரு, மற்றொன்று அதனருகே சிறு கோல்போல் அடர்ந்த சிவப்புத் துளி. நோயை இனங்காண மருத்துவர்கள் இன்றளவும் நம்பியிருக்கும் அடையாளம் இந்த இரண்டாவது துளியே. கைனெட்டோபிளாஸ்ட் என்று பெயர்பெற்ற இத்துளியில் டி.என்.ஏ. உண்டென்பதை, ஃபாய்ல்கனின் சாயமுறையைக் கொண்டு, 1924-இலேயே ஜெர்மனியில் பிரெஸ்லாவும் ஸ்கிரெமினும் காட்டிவிட்டார்கள். உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. இருப்பதற்கான முதற்சான்று அதுவே. ஆனால் அதன் பொருளை உணர உலகம் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1903-இல் சென்னையில் ஒரு சிறுவனின் குருதியைப் பார்த்த கண்கள், மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மின்னணு நுண்ணோக்கியில் அதன் அமைப்பு வெளிப்பட்டபோது, கண்டவர்கள் திகைத்தார்கள். கைதேர்ந்த பொற்கொல்லர் வளையத்துள் வளையம் கோத்து விரிக்கும் சங்கிலிப் பின்னலைப்போல, ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. வளையங்கள் ஒன்றுள் ஒன்று புகுந்து ஒரே வலையாக இருந்தன. பூச்சிகளில் மட்டும் வாழும் கிரித்திடியா என்னும் உறவினத்தில் 2,500 இணைகள் கொண்ட சிறுவளையங்கள் ஐயாயிரம், 38,000 இணைகள் கொண்ட பெருவளையங்கள் சுமார் இருபத்தைந்து. லீஷ்மேனியாவில் சிறுவளையம் இன்னும் சிறிது, ஆயிரம் இணைகளுக்கும் குறைவு. எண்ணிக்கையோ பதினாயிரம் அளவில். ஒவ்வொரு சிறுவளையமும் சராசரியாக அண்டை வளையங்கள் மூன்றோடு பிணைந்திருக்கிறது. வெளியே எடுத்து விரித்த வலை, உயிரணு முழுவதன் அளவுக்கு இருக்கும். உள்ளே அது ஒரு மெல்லிய வட்டத்தட்டாக அடுக்குண்டு, கிருமியின் வால்போன்ற கசையிழையின் அடிப்பகுதியோடு இழைகளால் கட்டப்பட்டிருக்கிறது.

இத்தனை வளையங்களும் பிணைந்து கிடக்க, ஒவ்வொன்றும் ஒருமுறையே, ஒருமுறை தவறாமல், எப்படி இரட்டிக்க முடியும்? இவ்வினாவுக்கு விடைகாண்பதில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் எங்லண்டும், கலிபோர்னியாவில் லாரி சிம்ப்சனும் டான் ரேயும், ஜெருசலேமில் ஜோசப் ஷ்லோமையும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். அவர்கள் கண்டது வருமாறு. டோபோஐசோமரேஸ் என்னும் நொதி ஒரு சிறுவளையத்தை வெட்டி விடுவித்து மீண்டும் மூடுகிறது. விடுபட்ட வளையம், தட்டுக்கும் கசையிழை அடிக்கும் இடையிலுள்ள சிறு வெளியில் மிதந்து, பன்னிரண்டு எழுத்துக்கள் கொண்ட ஒரு பொது வாசகத்தில் படியெடுப்பைத் தொடங்கி, இரண்டாகிறது. பிறந்த இரண்டும் தட்டின் எதிரெதிர் விளிம்புகளிலுள்ள இரண்டு நிலையங்களுக்குப் போய், வலையோடு மீண்டும் கோக்கப்படுகின்றன. படியெடுத்த வளையத்தின் இழையில் சிறு வெட்டுகள் மூடப்படாமலே விடப்படுகின்றன. இன்னும் படியெடுக்காதது முழு வளையமாக இருக்கிறது. எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை உயிரணு அறிவது இந்த வெட்டுகளால்தான். ஐயாயிரமும் முடிந்தபின்னரே வெட்டுகள் எல்லாம் அடைக்கப்படுகின்றன. இருமடங்கான வலை நடுவே பிரிந்து, புதிதாய்ப் பிறந்த கசையிழை அடிகள் இரண்டும் விலகும்போது அவற்றோடு இழுபட்டு, மகவுயிரணு ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகச் சென்று சேர்கிறது. விட்டுவைத்த பிளவையே கணக்காக வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை, நான் அறிந்த அளவில் உயிரியலின் மிகச் சிறந்த உபாயங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

இவ்வளவு சிறுவளையங்கள் எதற்கு என்ற புதிருக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னே, லீஷ்மேனியாவின் உறவினமான டிரிபனோசோமாவின் ஒரு பெருவளைய மரபணுவில் இல்லாத நான்கு எழுத்துக்கள் அதன் ஆர்.என்.ஏ.யில் புதிதாகப் புகுந்திருக்கக் கண்டார். பெருவளைய மரபணுக்கள் பல குறைபட்ட வாசகங்கள்; அவற்றின் ஆர்.என்.ஏ.யில் எங்கே எழுத்தைச் சேர்ப்பது, எங்கே நீக்குவது என்று வழிகாட்டும் குறு ஆர்.என்.ஏ.க்கள் சிறுவளையங்களிலிருந்தே பிறக்கின்றன என்பதைச் சிம்ப்சன் குழுவினர் 1990-இல் காட்டினர். எனவே வலையில் உள்ள வளையங்கள் வேறுவேறு திருத்தங்களைச் சுமக்கின்றன. ஒருவகை முற்றிலும் தொலைந்தால் ஒரு புரதமே தொலையக்கூடும்.

தொலைத்தும் பிழைத்த கிருமி ஒன்று உண்டு. 1880-இல் தேரா இஸ்மாயில்கானில் குதிரைகளும் ஒட்டகங்களும் மடிந்த நோயில் கிரிஃபித் எவான்ஸ் கண்ட டிரிபனோசோமா எவான்சி, பெருவளையங்களை அடியோடு இழந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் செட்சி ஈயின் வயிற்றில் வாழ முழு மைட்டோகாண்டிரியா வேண்டும். எவான்சிக்கு அது இல்லாமையால் அந்த ஈயையே கைவிட்டு, மாட்டீக்களின் வாயில் ஒட்டிய குருதி வழியாகவே விலங்குக்கு விலங்கு தாவி ஆசியா முழுவதும் பரவிவிட்டது. மனிதரை இது தாக்குவதில்லை என்றே நம்பியிருந்தோம். 2004-இல் மகாராஷ்டிரத்தில் ஓர் உழவரை இது தாக்கியது. அவருடைய குருதியில், இக்கிருமிகளை அழிக்கும் ஏபிஓஎல்1 என்னும் புரதம் மரபுக்குறையால் இல்லாதிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. நோயின் சரித்திரத்தையும் வைத்திருக்கிறது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் கழிமுகத்தில் 1942 முதல் 1944 வரை ஒரு மலேரியா நிலையத்தில் கானிசியோ என்ற மருத்துவர் எடுத்த குருதிப் பூச்சுக் கண்ணாடிகள் சில அவர் குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்தன. ஐரோப்பாவில் மலேரியா ஒழிந்து அந்தக் கிருமியின் ஒரு மாதிரிகூட உலகில் இல்லாத நிலையில், அந்தக் கண்ணாடிகளில் காய்ந்துபோன துளிகளிலிருந்து மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வை மீட்டு 2016-இல் வெளியிட்டார்கள். உயிரணுவுக்கு ஒன்றாக உள்ள உட்கரு மரபணுவைக் காட்டிலும், பல படிகளாக இருக்கும் இப்பொருளே இத்தனை காலம் தாங்கி வந்தது. ஐரோப்பாவின் ஃபால்சிபாரத்துக்கு இன்றுள்ள நெருங்கிய உறவு இந்தியக் கிருமிகளோடு என்று அது காட்டிற்று.

மருந்தின் செய்திக்கு வருகிறேன். கொய்னா மைட்டோகாண்டிரியாவைத் தாக்குவதில்லை. சிவப்பணுவின் ஹீமோகுளோபினைக் கிருமி தின்னும்போது மிஞ்சும் நச்சுப்பொருளைப் படிகமாக்கி ஒதுக்கும் செயலை அது தடுப்பதாகவே அறிஞர் கொள்கின்றனர். ஆனால் 2000-ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்த அட்டோவகுவோன் என்ற மருந்து, அந்த 6,000 இணைத் துண்டில் உள்ள மூன்று மரபணுக்களுள் ஒன்றான சைட்டோகுரோம் பி-யையே குறியாகக் கொண்டது. குருதிநிலையில் கிருமி தன் ஆற்றலைப் பெரும்பாலும் சர்க்கரையிலிருந்தே பெறுகையில் மைட்டோகாண்டிரியா ஏன் இன்றியமையாதது என்ற கேள்விக்கு, வைத்யாவின் குழுவினர் 2007-இல் ஒரு நேர்த்தியான சோதனையால் விடையளித்தார்கள்: ஈஸ்ட்டிலிருந்து ஒரே ஒரு நொதியை எடுத்துக் கிருமிக்கு அளித்ததும், அட்டோவகுவோனுக்கு அது அஞ்சவில்லை. டி.என்.ஏ.வுக்கான பிரிமிடின் என்னும் மூலப்பொருளைக் கிருமி தானே செய்துகொள்வதற்கு மட்டுமே அந்நிலையில் மைட்டோகாண்டிரியாவின் மின்னோட்டச் சங்கிலி வேண்டியிருந்தது. அந்த ஒரு தேவை நீங்கியதும் சங்கிலியே வேண்டாதாயிற்று.

லீஷ்மேனியாவின் பக்கத்திலும் பணி நடந்திருக்கிறது. மனிதனில் ஒரே புரதமாக இருக்கும் முதல்வகை டோபோஐசோமரேஸ், லீஷ்மேனியாவில் இரண்டு தனித்தனி அலகுகள் கூடி அமைவதைக் கல்கத்தாவில் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தின் ஹேமந்த மஜும்தாரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்து, அந்த வேற்றுமையையே மருந்துக்கு இடமாக்க முயன்றார்கள். ஆனால் மருந்தைக் கருதி எங்லண்டு முதலியோர் டி.என்.ஏ. வலையை ஆராயவில்லை, அதன் அமைப்பை அறியவேண்டும் என்ற அவா ஒன்றே அவர்களை உந்திற்று. வைத்யாவும் மருந்தைத் தேடித் தொடங்கவில்லை. பயன் கேட்டுக்கொண்டே நிதி வழங்கும் இந்நாளில், பயன் பிந்தி வருவதையும் அமைப்பறிவு முந்தி வரவேண்டியதையும் அறக்கட்டளைகளேனும் நினைவில் வைக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக, அட்டோவகுவோனுக்குக் கிருமி காட்டிய எதிர்ப்பு. மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வில் ஓரெழுத்து மாறி, சைட்டோகுரோம் பி-யின் 268-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் வேறாகிவிட்டாலே மருந்து அக்கிருமியைத் தொடாது. சிகிச்சையின்போதே நோயாளிகளிடத்தில் இம்மாற்றம் தோன்றுவதும் உண்டு. மருந்தின் கதை அத்தோடு முடிந்ததென்று பலர் எண்ணினார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் எலி மலேரியாவைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், பின்னர் 268-ஆம் இடத்து மாற்றத்தைக் கொண்ட மனித மலேரியாக் கிருமியில் நடந்த ஆராய்ச்சியும் ஒரே செய்தியைச் சொல்லுகின்றன. குருதியில் பெயரளவுக்கு இயங்கினால் போதுமாயிருந்த மைட்டோகாண்டிரியா, கொசுவின் உடலுக்குள் சென்றதும் முழு வலிமையோடு உழைக்கவேண்டும். ஊனமுற்ற சைட்டோகுரோம் பி அதற்கு உதவாது. கிருமி அங்கே முதிராமல் நின்றுவிடுகிறது. அந்த ஊனத்தைப் பெண் அணுவிடமிருந்து மட்டுமே பெறவேண்டியிருப்பதால், நலமான ஆண் அணுவோடு கலந்தும் அதனால் மீள இயலவில்லை. ஆகவே மருந்தை எதிர்க்கும் வல்லமை ஒரு நோயாளியோடு நின்று, மற்றொருவருக்குக் கொசு வழியாகச் செல்ல முடியாமற்போகிறது. ஆய்வுக்கூடக் கொசுக்களில் கண்ட இம்முடிவு, காய்ச்சல் மிகுந்த ஊர்களில் வாழும் கொசுக்களிலும் இவ்வாறே நிற்கிறதா என்பதைச் சோதித்து உறுதிசெய்வதே அடுத்த வேலை.